பனிக்கண்டத்தில் ஓர் இருக்கை

1956-ல் இந்தியா ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு கோரிக்கை வைத்தது. அண்டார்க்டிகாவைப் பற்றிப் பொதுச்சபை விவாதிக்க வேண்டும், அந்தக் கண்டம் அமைதிப் பணிகளுக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்பது அதன் சாரம். அன்றைக்கு அண்டார்க்டிகாவில் இந்தியாவுக்கு ஒரு கூடாரம்கூடக் கிடையாது. ஆனால் பிரிட்டன், நார்வே, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரான்ஸ், அர்ஜென்டினா, சிலி என்று ஏழு நாடுகள் அந்தக் கண்டத்தைக் கூறுபோட்டு வரைபடத்தில் கோடு கிழித்து வைத்திருந்தன. போதாக்குறைக்கு அணு ஆயுதப் பந்தயம் உச்சத்தில் இருந்த காலம் அது. சிலியும் அர்ஜென்டினாவும் இந்தியாவின் யோசனையைக் கடுமையாக எதிர்த்தன. கோரிக்கை விவாதத்துக்கே வராமல் திரும்பப் பெறப்பட்டது. 1958-ல் மறுபடி முயன்றார்கள். மறுபடியும் அதே கதைதான்.

அடுத்த ஆண்டே, 1959 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டனில் 12 நாடுகள் அண்டார்க்டிகா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. படைத்தளம் கூடாது, அணுவெடிப்பு கூடாது, கதிரியக்கக் கழிவைக் கொட்டக் கூடாது, ஆய்வு முடிவுகளை ஒளித்துவைக்கக் கூடாது. நில உரிமைக் கோரல்களை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அப்படியே கிடப்பில் போட்டார்கள். இந்தியா கேட்டதில் பெரும்பகுதி அதில் இருந்தது. இந்தியாதான் இல்லை. அந்தப் பன்னிரண்டில் நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்கா இருந்தது என்பதையும் டெல்லி கவனிக்காமல் இருந்திருக்காது.

இந்த ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவை ஊன்றிப் படித்தால்தான் பின்னால் நடந்தவை விளங்கும். எந்த நாடும் ஒப்பந்தத்தில் சேரலாம். ஆனால் முடிவெடுக்கும் கூட்டத்தில் குரல் வேண்டும் என்றால், நிலையம் கட்டுவது, ஆய்வுக் குழு அனுப்புவது போன்ற குறிப்பிடத்தக்க அறிவியல் பணியை அங்கே செய்துகாட்ட வேண்டும். பணபலத்துக்கும் படைபலத்துக்கும் பதிலாக ஆராய்ச்சியையே நுழைவுத் தகுதியாக வைத்த சர்வதேச ஏற்பாடு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. (ஆராய்ச்சிக்கும் பணம் வேண்டும் என்பது வேறு விஷயம்.) இந்திய அண்டார்க்டிகா திட்டத்தின் முதல் சில ஆண்டுகளில் தெரியும் அவசரத்துக்குக் காரணம் இந்தப் பிரிவுதான்.

1981-ல் இந்திரா காந்தி அரசு கடல் மேம்பாட்டுத் துறையைத் தொடங்கியது. அதன் செயலர், கடல் உயிரியலாளர் எஸ்.இஸட்.காசிம். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று அவருடைய தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து கப்பலேறினார்கள். ஊருக்கு அறிவிக்காமல், கமுக்கமாக நடந்த பயணம் அது. ‘போலார் சர்க்கிள்’ என்ற அந்த வாடகைக் கப்பல் நார்வே நாட்டுடையது. 1982 ஜனவரி 9 அன்று அவர்கள் கால்வைத்த குயீன் மாட் லாந்து, நார்வே தனக்குச் சொந்தம் என்று 1939-லேயே உரிமை கோரிய பகுதி. நார்வேக்காரனின் கப்பலை வாடகைக்கு எடுத்து, நார்வே உரிமை கோரும் நிலத்தில், யாரிடமும் அனுமதி கேட்காமல் இறங்கியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் இந்தியா அப்போது சேரக்கூட இல்லை.

இவர்களுக்கு முன்பும் சில இந்தியர்கள் அங்கே போயிருக்கிறார்கள். கடற்படையின் வானிலையாளர் ராம் சரண் 1960-ல் ஆஸ்திரேலியக் குழுவோடு போனார். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பரம்ஜித் சிங் செஹ்ரா 1970-களின் தொடக்கத்தில் சோவியத் குழுவோடு ஒரு குளிர்காலத்தையே அங்கே கழித்தார். ஆனால் அவர்கள் விருந்தாளிகள். நாட்டின் பெயரில் ஒரு குழு போனது 1981-ல்தான்.

அந்த ஆண்டு ஏன்? அண்டார்க்டிகாவின் கனிமங்களை யார், எப்படி எடுப்பது என்ற பேச்சுவார்த்தையை ஒப்பந்த நாடுகள் தொடங்கவிருந்த நேரம் அது. பங்கு பிரிக்கும்போது வெளியே நின்றால் பிறகு உள்ளே போக முடியாது. 1982-83-ல் புவியியலாளர் வி.கே.ரெய்னா தலைமையில் இரண்டாவது குழுவும் போய்வந்தது. 1983 ஆகஸ்ட் 19-ல் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. செப்டம்பர் 12-ல், ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், பிரேசிலோடு சேர்த்து இந்தியாவுக்கும் வாக்குரிமை உள்ள இருக்கை கிடைத்துவிட்டது. இதே காலத்தில்தான் மலேசியா, ‘அண்டார்க்டிகா சில நாடுகளின் கழகமாக இருக்கக் கூடாது, உலகுக்கே பொதுவாக வேண்டும்’ என்று ஐ.நா.வில் குரல் எழுப்பியது. 1956-ல் ஏறத்தாழ இதையே பேசிய இந்தியா இப்போது கழகத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

இருக்கை கிடைத்த கையோடு நிரந்தர நிலையம் கட்டப் புறப்பட்டது மூன்றாவது குழு. தலைவர், புவி இயற்பியலாளர் ஹர்ஷ் குப்தா. பின்லாந்துக் கப்பலில் 81 பேர். பெண்கள் போன முதல் இந்தியக் குழுவும் இதுதான்: ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் புவியியலாளர் சுதீப்தா சென்குப்தா, கடலியலாளர் அதிதி பந்த். அண்டார்க்டிகாவில் கோடை என்பது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி கடைசி வரைதான். அதற்குமேல் கடல் உறையத் தொடங்கினால் கப்பல் சிக்கிக்கொள்ளும். சுமார் எட்டு வாரங்களில் ராணுவப் பொறியாளர்கள் முன்கூட்டியே செய்த மரப்பலகைகளைக் கொண்டு நிலையத்தை நிமிர்த்தினார்கள். பெயர், தட்சிண கங்கோத்ரி. லெப்டினன்ட் கர்னல் எஸ்.எஸ்.சர்மா தலைமையில் 12 பேர் 1984-ன் குளிர்காலத்தை அங்கே கழித்தார்கள். அதே ஆண்டு தபால் நிலையமும் திறந்தாயிற்று. கோவா அஞ்சல் பிரிவின்கீழ் வந்தது. கடிதங்கள் ஆண்டுக்கு ஒருமுறை வரும் கப்பலில்தான் போகும் என்றாலும், முத்திரைக்காகவே கடிதம் அனுப்பும் தபால்தலைச் சேகரிப்பாளர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள்.

ஆறே ஆண்டுகள். 1990-ல் நிலையத்தைக் கைவிட்டார்கள். பனி மூடிவிட்டது.

அது எப்படி மூடும்? அண்டார்க்டிகாவில் பெய்யும் பனி அப்படியொன்றும் அதிகமில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தட்சிண கங்கோத்ரி நின்றது நிலத்தில் இல்லை, பனித்தட்டில். கண்டத்தின் நடுவிலிருந்து மெல்ல வழிந்துவரும் பனி, கரையைத் தாண்டியும் நிற்காமல் கடலின்மேல் மிதந்தபடி நீள்கிறது, அதுதான் பனித்தட்டு. கப்பலை அதன் விளிம்பில் நிறுத்தி, பாரந்தூக்கியால் சாமான்களை நேரே அதன்மேல் இறக்கிவிடலாம். தட்டையான தரை, பக்கத்திலேயே கப்பல். எட்டு வாரத்தில் கட்டி முடிக்க வேண்டியவர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

அந்த வசதியில்தான் வினையும் இருந்தது. இந்தத் தட்டின்மேல் இந்த ஆண்டு விழுந்த பனி அடுத்த ஆண்டு கோடையில் உருகி ஓடிவிடாது. அதன்மேல் அடுத்த அடுக்கு விழும். கீழே போன அடுக்கு இறுகி மேலும் கீழே போகும். ஆகவே மேற்பரப்பில் வைத்த எந்தப் பொருளும் நகராமல் இருந்தாலே போதும், ஆண்டுக்காண்டு ஆழத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். இரண்டாவது காரணம் காற்று. அங்கே பனி வானத்திலிருந்து விழுவதைவிடத் தரையோடு தரையாகப் பறந்துவருவதே அதிகம். வழியில் ஒரு கட்டடம் இருந்தால் அதன் மறைவில் காற்றின் வேகம் குறையும்; வேகம் குறைந்த காற்றால் பனித்தூளைச் சுமக்க முடியாது; அங்கேயே போட்டுவிடும். கடற்கரையில் வேலிக்குப் பின்னால் மணல்மேடு வளர்வதுபோலத்தான். ஆக, தன்னைப் புதைக்கும் பனியைக் கட்டடமே வரவழைத்துக்கொள்கிறது. மூன்றாவதாக, புதைந்த பிறகு பனியின் பாரம். பனி கெட்டியாகத் தெரிந்தாலும் பாரம் ஏறினால் மெல்ல இளகி நகரும் பொருள். ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் அது நகரும்போது, சட்டங்கள் வளையும், கதவுகள் இறுகும். உள்ளே மனிதர்களுக்காக எரியும் வெப்பமோ சுற்றியுள்ள பனியை உருக்கி, அது மறுபடி உறைந்து, நிலைமையை மோசமாக்கும். பிரிட்டன் தன்னுடைய ஹாலி நிலையத்தை இதே காரணங்களால் திரும்பத் திரும்பப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது. இது டெல்லிக்குத் தெரியாத விஷயம் அல்ல என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரத்தில் நிலைத்து நிற்கும் கட்டடத்தைவிட உடனே நிற்கும் கட்டடம் தேவைப்பட்டது.

இரண்டாவது நிலையத்துக்குப் பாறையைத் தேடினார்கள். பனித்தட்டின் விளிம்பிலிருந்து தெற்கே 100 கிலோமீட்டர் அளவில் உள்ளே போனால் ஷிர்மாகர் சோலை வருகிறது. 1938-39-ல் ஜெர்மன் குழுவின் விமானி ஒருவர் மேலிருந்து பார்த்த இடம்; பெயரும் அவருடையதே. சோலை என்றதும் மரத்தைத் தேட வேண்டாம். பாசியும் லைக்கனும் மட்டும்தான். சுமார் 35 சதுர கிலோமீட்டர் பரப்பில் பனியில்லாத பழுப்புப் பாறைக் குன்றுகளும் நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளும் உள்ள இடம், அவ்வளவுதான். கண்டத்தின் உயரத்திலிருந்து கனத்த குளிர்காற்று சரிந்து இறங்கும்போது அழுத்தம் கூடிச் சற்றே சூடாகிறது, வறண்டும் போகிறது. அந்த வறண்ட காற்று பனியைத் தண்ணீராக்காமலே ஆவியாக்கிவிடும். மிச்சத்தைப் பெருக்கித் தள்ளிவிடும். பாறை ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால், அதன் கருநிறம் வெயிலை உறிஞ்சி அக்கம்பக்கத்துப் பனியையும் உருக்கும். தட்சிண கங்கோத்ரியைப் புதைத்த காற்று, இங்கே தரையைத் துடைத்துத் தருகிறது.

1989-ல் இங்கே எழுந்த மைத்ரி, பாறையில் ஊன்றிய இரும்புக் கால்களின்மேல் நிற்கிறது. அடியில் காற்று தடையில்லாமல் புகுந்து போவதால் பனி சேர்வதில்லை. பக்கத்து ஏரிக்கு இந்திரா பிரியதர்சினியின் நினைவாகப் பிரியதர்சினி என்று பெயர். குளிர்காலத்தில் ஏரியின் மேல்பகுதி கெட்டியாக உறைந்துவிடும்; ஆனால் மிதக்கும் பனியே போர்வையாகி அடியிலுள்ள நீரைக் காப்பாற்றும். அந்த நீரைத்தான் சூடேற்றிய குழாய் வழியாக நிலையத்துக்கு இறைக்கிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளி ரஷ்யாவின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையம். 1961 ஏப்ரலில் அங்கிருந்த ஒரே மருத்துவரான லியோனித் ரோகோசோவ், தனக்கு வந்த குடல்வால் அழற்சிக்குத் தானே வயிற்றைக் கிழித்து அறுவை செய்துகொண்டது இந்தச் சோலையில்தான். குளிர்காலத்தில் வெளியிலிருந்து உதவி வராது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

மைத்ரியில் குளிர்காலம் கழிப்பவர்கள் 25 பேர் அளவில் இருப்பார்கள்: விஞ்ஞானிகள், மருத்துவர், சமையற்காரர், ஜெனரேட்டர் மெக்கானிக், வண்டி ஓட்டுபவர். சூரியன் சுமார் இரண்டு மாதம் எழவே எழாது. இந்த 25 பேரின் உயிர் எரிபொருளில் இருக்கிறது. சாதாரண டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரிந்து குழாயை அடைத்துவிடும் என்பதால் விமான எரிபொருளைத்தான் எரிக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் கப்பலிலிருந்து அதை இறக்கி, சறுக்குவண்டிகளில் கட்டி, வெடிப்புகளைத் தாண்டி, சங்கிலிச் சக்கர வண்டிகளால் பனிமேல் இழுத்துவர வேண்டும். குளிரைவிட, எரிபொருளின் புகை ஆபத்தாவதும் உண்டு. 1990 ஜனவரியில் ஹம்போல்ட் மலைப்பகுதியில் முகாமிட்டிருந்த ஒன்பதாவது குழுவினர் நான்கு பேர் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்தார்கள். திட்டத்தின் வரலாற்றிலேயே மிகத் துயரமான நிகழ்ச்சி அது.

சரி, அங்கே போய் என்னதான் செய்கிறார்கள்? வானிலை, ஓசோன், நிலநடுக்கம், பூமியின் காந்தப்புலம் என்று தொடர்ந்து பதிவெடுக்கும் வேலைகள் ஒருபுறம். பார்க்கச் சலிப்பான வேலை. பத்து, இருபது ஆண்டு விடாமல் செய்தால்தான் மதிப்பு. எனக்கு அதிகம் பிடித்தவை இரண்டு: பனித்தண்டும் பாறையும்.

துளைக்கருவியால் பனியை உருளை வடிவில் வெட்டி வெளியே எடுப்பார்கள். கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தில் இந்தத் தண்டுகளை உறைநிலை மாறாமல் வைத்து ஆராய்கிறார்கள். மேலிருந்து கீழே போகப் போகப் பழைய ஆண்டுகள். தண்ணீரில் உள்ள கனமான ஆக்சிஜனுக்கும் இலேசான ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம், அந்தப் பனி விழுந்த காலத்தின் வெப்பநிலையைச் சொல்லும். எந்த அடுக்கு எந்த ஆண்டு என்று எப்படித் தெரியும்? 1960-களின் நடுவில் விழுந்த பனியில் அணுகுண்டுச் சோதனைகளால் வந்த டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் எகிறி நிற்கும். 1963-ல் பாலித் தீவின் ஆகுங் எரிமலையும், 1815-ல் தம்போராவும் கக்கிய கந்தகம் தனித்தனிக் கோடுகளாகப் பதிந்திருக்கும். இந்த அடையாளங்களை முளையாக அடித்துக்கொண்டு இடையிலுள்ள ஆண்டுகளை எண்ணிவிடலாம். உலகத்தின் கடைக்கோடியில் ஒரு குண்டைக்கூட வெடிக்காத கண்டம், மற்றவர்கள் வெடித்த குண்டுகளுக்குக் கணக்கு வைத்திருக்கிறது.

பாறைக்கு வருவோம். சென்னைக்காரர்கள் தினமும் கடந்துபோகும் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். பெயரிட்டவர் இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் டி.எச்.ஹாலந்து. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல்தான் போயிருந்தது. அதனால் சார்னாக்கின் பெயர் வந்தது. நிலத்தின் மேலோட்டில் மிக ஆழத்தில், கடும் வெப்பத்தில், தண்ணீர் அதிகம் இல்லாத சூழலில் உருவாகும் பாறை இது. எங்கே வேண்டுமானாலும் கிடைத்துவிடாது. தமிழ்நாட்டில், கேரளத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில், இலங்கையின் மலையகத்தில் இருக்கிறது. மைத்ரிக்குத் தெற்கே குயீன் மாட் லாந்து மலைகளிலும் இருக்கிறது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியாவும் இலங்கையும் அண்டார்க்டிகாவும் கோண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பாக ஒட்டிக்கிடந்தன. பிரிந்த துண்டுகளை மறுபடி சேர்த்து வைத்துப் பார்க்க, இருபுறமும் ஒரே வயதுள்ள, ஒரே வகைப் பாறை எங்கெங்கே முடிகிறது என்று தேட வேண்டும். சென்குப்தாவில் தொடங்கி இந்தியப் புவியியலாளர்கள் ஷிர்மாகரின் பாறை மடிப்புகளை அடி அடியாக வரைந்துவந்ததன் பின்னணி இதுதான்.

மூன்றாவது நிலையத்துக்கு இடம் பார்த்தபோதும், பிரிந்த துண்டுகள் எங்கே பொருந்தும் என்ற இந்தக் கேள்வி உள்ளே வந்தது. மைத்ரியிலிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர் கிழக்கே லார்ஸ்மன் குன்றுகள். பிரிட்ஸ் விரிகுடாக் கரை. கோண்டுவானாவில் இந்தியாவின் கிழக்குக் கரை ஒட்டியிருந்த பக்கம் இது. கடலோரம் என்பதால் கடலியல் ஆய்வும் செய்யலாம். கப்பலும் அருகே வரலாம். இந்த முறை அவசரம் இல்லை. 1991-ல் மாட்ரிட் நகரில் கையெழுத்தான சுற்றுச்சூழல் உடன்பாடு கனிமம் எடுப்பதையே தடைசெய்துவிட்டது. எந்தப் போட்டிக்குப் பயந்து 1981-ல் ஓடினோமோ, அந்தப் போட்டியே இல்லை. அதற்குப் பதிலாக, ஒரு குழி தோண்டுவதற்கும் முன்னால் அதனால் சூழலுக்கு என்ன ஆகும் என்று அறிக்கை எழுதி மற்ற நாடுகளின் பார்வைக்கு வைக்க வேண்டிய கட்டாயம் வந்திருந்தது.

2012 மார்ச்சில் அங்கே திறந்த பாரதி, ஜெர்மன் கட்டடக் கலைஞர்களின் வடிவமைப்பு. கப்பலில் சரக்கு ஏற்றும் கன்டெய்னர்கள் 134. சாமான்களைக் கொண்டுவரும் பெட்டியே அறையாகவும் மாறிவிடும். பெட்டிகளை அடுக்கி, மேலே குளிர் புகாத உறையைப் போர்த்திவிட்டார்கள். காற்றை வெட்டாமல் வழுக்கிப் போகவிடும் உருவம், அடியில் கால்கள். குடிநீர், கடல்நீரைச் சுத்திகரித்து. ஜெனரேட்டர் வெளியேற்றும் சூடு வீணாகாமல் அறைகளைக் கதகதப்பாக்குகிறது.

பாரதியில் இஸ்ரோவின் தரைநிலையம் ஒன்றும் இயங்குகிறது. நம் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் துருவத்துக்குத் துருவம் சுற்றுபவை. நாளொன்றுக்குச் சுமார் 14 சுற்று. ஐதராபாத் அருகே ஷாத்நகரிலிருந்து பார்த்தால் அவற்றில் சில மட்டுமே கண்ணில் படும், ஏனென்றால் பூமி கீழே சுழன்றுகொண்டிருக்கிறது. ஆனால் எந்தச் சுற்றானாலும் துருவத்தின் அருகே வந்துதான் ஆக வேண்டும். ஆகவே பெரும்பாலான சுற்றுகளில் படங்களை இங்கே இறக்கி, தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் வழியாக ஷாத்நகருக்கு அனுப்பிவிடலாம். இந்த வேலைக்காகப் போன இஸ்ரோ விஞ்ஞானி மங்களா மணி, 2016-17-ல் 403 நாட்கள் அங்கே இருந்தார். வயது 56, 23 பேர் குழுவில் ஒரே பெண்.

2024 மே மாதம் ஒப்பந்த நாடுகளின் 46-வது கூட்டம் கொச்சியில் நடந்தது. கனடாவும் பெலாரஸும் வாக்குரிமை கேட்டிருந்தன. எல்லோரும் ஒப்பினால்தான் எதுவும் நடக்கும் என்பது விதி. இருவருக்குமே ஒப்புதல் கிடைக்கவில்லை. 1983-ல் 24 நாட்களில் இந்தியாவுக்குக் கிடைத்தது இது. இன்றைக்கு அந்த வாசலில் அறிவியலைவிட அரசியல்தான் அதிகம் சோதிக்கப்படுகிறது என்று தோன்றுகிறது.

அதே கூட்டத்தில் இந்தியா மைத்ரி-2 திட்டத்தை அறிவித்தது. பழைய மைத்ரி 35 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. கழிவுநீர் ஏற்பாட்டிலிருந்து மின்சாரம் வரை எல்லாம் அந்தக் காலத்து அளவுகோலில் செய்தவை. புதியதற்கு இடம், கட்டுமானம், கழிவு எல்லாவற்றையும் சுற்றுச்சூழல் அறிக்கையாக மற்ற நாடுகளிடம் வைக்க வேண்டும். இந்தியாவுக்குச் சொந்தமாகத் துருவக் கப்பல் இல்லாததால் நாற்பதுக்கும் மேற்பட்ட பயணங்களை வாடகைக் கப்பல்களில்தான் ஓட்டியிருக்கிறோம். இரும்பும் பலகையும் எந்தக் கப்பலில் போகும் என்பதில் தொடங்கி, நூறு கிலோமீட்டர் பனிமேல் எந்த வண்டி இழுக்கும் என்பது வரை இனிமேல்தான் கணக்குப் போட வேண்டும். பழைய நிலையத்தைக் கழற்றி எடுத்துவரும் செலவையும் அந்தக் கணக்கில் இப்போதே எழுதிவிடுவது நல்லது. மாட்ரிட் உடன்பாட்டின்படி, கைவிட்ட நிலையத்தை அகற்றுவது அதைக் கட்டியவர்கள் பொறுப்பு.